எழுதியவர்: எண் நான்கு

2 ஜூன் 2014, திங்கள்

இருபத்திரண்டு வருடம். எங்கள் கம்பெனி மோட்டாரை வாங்கிய எந்த விவசாயி கடிதம் போட்டாலும் ஏழு நாளுக்குள் பதில் போட்டவன் நான். கனகசபாபதி, வாடிக்கையாளர் கடிதப் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருவன்தான். ஒரு மேஜை, இரண்டு பீரோ. அந்தப் பிரிவை இன்று காலை பதினொரு மணிக்கு எல்லோருக்கும் வடையும் காபியும் கொடுத்து உட்காரவைத்து, வெளியாருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

சின்ன முதலாளி ஹரிபிரசாத் சுவரில் படம் போட்டு விளக்கினார். 'அவுட்சோர்சிங்கின் நன்மைகள்' என்று தலைப்பு. செலவு குறையுமாம். ஏழு நாளில் போகும் பதில் இரண்டே நாளில் போகுமாம். எழுதுவதில் தேர்ந்தவர்கள் எழுதுவார்களாம். நாம் நம்முடைய முக்கிய வேலையைக் கவனிக்கலாமாம். மோட்டார் செய்வதுதான் நம் முக்கிய வேலை என்றார். அப்படியானால் இத்தனை வருடம் நான் செய்தது முக்கியமில்லாத வேலையா? கேட்டிருப்பேன். வாயில் வடை இருந்தது.

பெரிய முதலாளி உயிரோடு இருந்திருந்தால் இது நடந்திருக்காது. "கனகு, மோட்டார விசாரிக்கறதுக்கு முன்னால கெணத்த விசாரிக்கறே பாரு, அங்கதான் நீ நிக்கறே" என்பார். கோவையில் பம்ப் செய்யும் கம்பெனிகள் எத்தனையோ உண்டு. கடிதத்தின் முதல் வரியில் மழை பெய்ததா என்று கேட்கிற கம்பெனி எங்களுடையது மட்டும்தான். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான்.

வீட்டுக்கு வந்து வசந்தாமணியிடம் சொன்னேன். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள். மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப் போன கம்ப்யூட்டர். இரண்டு மாதமாக அதில் ஏதோ ஆபீசுக்கு டைப் வேலை செய்து அனுப்புகிறாள். "அப்படிங்களா" என்றாள். கட்டின மனைவி, அவ்வளவுதான் சொன்னாள்.

3 ஜூன், செவ்வாய்

சிறுவாணித் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம்மும் நிரம்பின. ஆபீஸில் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கி, பதினான்கு பக்கத்தையும் வரி விடாமல் படித்தேன். வந்து வசந்தாமணியிடமும் சொன்னேன். என்னை ஏமாற்றலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நிபந்தனை இதுதான். கடிதங்களை இங்கே ஸ்கேன் செய்து சென்னையில் உள்ள ஒரு ஏஜென்சிக்கு அனுப்புவார்கள். அவர்கள் எழுதும் பதில்களை ஆகஸ்ட் 14 வரை நான் சரிபார்க்க வேண்டும். நூற்றுக்குப் பத்துக்கு மேல் பிழை இருந்தால் ஒப்பந்தம் ரத்து, பிரிவு என்னிடம் திரும்பும். பத்துக்குள் இருந்தால் நான் கிடங்குக்குப் போய் லாரிகளுக்கு கேட் பாஸ் கிழிக்க வேண்டும்.

"உங்களை விட்டா இதைப் பார்க்க வேற யார் சார் இருக்காங்க" என்றார் ஹரிபிரசாத். என் கழுத்துக்கு நானே கத்தி தீட்ட வேண்டும் என்பதை இத்தனை மரியாதையாகச் சொல்ல அமெரிக்காவில் படித்திருக்க வேண்டும்.

5 ஜூன், வியாழன்

இன்று மாலை கையில் கடிதக் கட்டு இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். என்னவோ போல் இருந்தது.

இதை எழுதி வைப்பதில் தவறில்லை. கடிதங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பிடும்போது வசந்தாமணிக்குப் படித்துக் காட்டுவது என் வழக்கம். அவள் அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள், விவசாயிகள் சொல்லும் சில சொற்கள் அவளுக்குப் புரியும். நான் இந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். அவள் கையெழுத்தும் குண்டு குண்டாக நன்றாக இருக்கும். அதனால் பதிலை அவளே எழுதிவிடுவாள். கருத்தை மேற்பார்வை பார்த்துக் கையெழுத்துப் போடுவது நான். மறுநாள் ஆபீஸில் டைப் அடிப்பார்கள்.

16 ஜூன், திங்கள்

முதல் கட்டு வந்தது. முப்பத்தெட்டு பதில்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பொடி எழுத்தில் 'எழுதியவர்: எண் 2', 'எழுதியவர்: எண் 5' என்று இருக்கிறது. பெயரே கிடையாது. கைதிகள் மாதிரி நம்பர். மொத்தம் ஐந்து பேராம்.

தாராபுரத்துக்காரர் ஒருவர் நான்கு நாளாக வாழைக்குத் தண்ணீர் இல்லை என்று எழுதியிருக்கிறார். அதற்கு எண் 2 எழுதிய பதில்: 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. தங்கள் திருப்தியே எங்கள் வெற்றி.' வாழை வாடிக்கொண்டிருக்கிறது, இவனுக்கு வெற்றி கேட்கிறது. சிவப்பு மையில் சுழித்தேன். எண் 5, பாப்பாத்தி என்று கையெழுத்துப் போட்ட அம்மாளுக்கு 'ஐயா' என்று எழுதியிருக்கிறது. சுழித்தேன். மொத்தம் ஏழு சுழி, நூற்றுக்குப் பதினெட்டு. ஆடி பிறப்பதற்குள் என் மேஜைக்குத் திரும்பிவிடுவேன்.

இரவு ரசத்துக்கு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன். எண் 2 எழுதியதை வசந்தாமணிக்கு நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி நின்றாள். பிறகு, "பாவம், புதுசா எழுதறவங்க. போகப் போகப் பழகிக்குவாங்க" என்றாள். யாருக்குப் பரிந்து பேசுகிறாள் என்றே தெரியவில்லை.

19 ஜூன், வியாழன்

மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுத்தேன். பதினாறு சுழி.

25 ஜூன், புதன்

குன்னத்தூர் மாரப்பன் என்பவர் கடிதம் போட்டிருந்தார். மோட்டார் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் இருமி இருமி வருகிறது, மெக்கானிக் புதுப் பம்ப் வாங்கச் சொல்கிறான் என்று எழுதியிருந்தார். அதற்கு வந்த பதிலை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

'உங்கள் பக்கம் மழை எட்டிப் பார்த்ததா? கயிறு விட்டுப் பார்த்து, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் விட்டு விட்டு வருவதற்கு மோட்டார் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். நீர் கீழே போனால் அடி வால்வு காற்றை இழுக்கும். ஒரு குழாய் நீளம் இறக்கிப் போட்டுப் பாருங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் எழுதுங்கள், ஆளை அனுப்புகிறோம். அதுவரை புதுப் பம்ப் வாங்க வேண்டாம்.'

எழுதியவர்: எண் 4.

சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சுழிக்க ஓர் இடம் இல்லை. நானே எழுதியது போல் இருந்தது. பிறகுதான் விஷயம் உறைத்தது. நானே எழுதியதுதான். என்னுடைய பழைய பைல்களை எவனோ எடுத்துக் கொடுத்திருக்கிறான். பட்டப்பகலில் திருட்டு.

1 ஜூலை, செவ்வாய்

எண் 4 இதுவரை அறுபத்தொரு கடிதம். ஒரு சுழி இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டேன். ஏஜென்சிக்காரர்கள் இப்போது கட்டில் பாதியை அந்த நான்கிடமே கொடுக்கிறார்கள். நூற்றுக்குப் பதினெட்டாக இருந்தது பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டது. என் மேஜையின் கால் ஒவ்வொன்றாக உடைகிறது.

கேஸ் சிலிண்டர் வந்தது.

4 ஜூலை, வெள்ளி

மாரப்பன் கார்டு போட்டிருக்கிறார். குழாய் இறக்கிய அரை மணி நேரத்தில் தண்ணீர் கொட்டியதாம். 'இதை எழுதினவங்க கிணத்தோட பொறந்தவங்களாத்தான் இருக்கோணும். அவங்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்' என்று முடித்திருக்கிறார். ஹரிபிரசாத் அந்தக் கார்டைப் பலகையில் குத்திவைத்து, "பாத்தீங்களா சார், தேர்ந்தவங்க கையில குடுத்தா இதுதான் பலன்" என்றார்.

"அது என்னோட நடைங்க. எம் பைலப் பாத்துக் காப்பியடிச்சிருக்காங்க" என்றேன். அங்கேயே நின்று புகாரும் எழுதிக் கொடுத்தேன். எண் 4 விளக்கம் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். வசந்தாமணி புகாரைப் பற்றிக் கேட்கவே இல்லை. "மாரப்பன் தண்ணி எடுத்துட்டாருங்களா? என்ன எழுதியிருந்தாரு, இன்னொருக்கா சொல்லுங்க" என்றாள். சொன்னேன். இன்னும் ஒருமுறை கேட்டாள். சொன்னேன். அந்த ஆளின் பெயரை நான் எப்போது சொன்னேன் என்று நினைவில்லை. என் பிழைப்பில் மண் விழுந்த அன்று அவள் காரணமே இல்லாமல் கேசரி கிண்டினாள். நான் தொடவில்லை. காலையில் கொஞ்சம் சாப்பிட்டேன்.

14 ஜூலை, திங்கள்

எண் 4 இன் விளக்கம் ஏஜென்சி வழியாக வந்தது.

'நான் யாருடைய கடிதத்தையும் பார்த்து எழுதவில்லை. எனக்கு இப்படித்தான் எழுத வரும். நான் கிணறு இருக்கிற தோட்டத்தில் பிறந்தவள்.'

பெண்ணாம். மூன்றே வரி. ஒரு மன்னிப்பு, ஒரு வருத்தம் எதுவும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து வசந்தாமணியிடம் படித்துக் காட்டினேன். "எவ்வளவு திமிர் பாத்தியா?" என்றேன்.

"எழுதுனது சரிதானுங்களே" என்றாள், அரிசி களைந்துகொண்டே.

"நீ எந்தப் பக்கம்?"

"நான் அரிசி களையறனுங்க."

நூற்றுக்குப் பதினொன்று.

20 ஜூலை, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது. எழுதுகிறேன்.

நேற்று மாலைக் கணக்குப்படி பிழை நூற்றுக்கு ஒன்பது. பத்துக்குக் கீழே போய்விட்டது. எல்லாவற்றுக்கும் காரணம் அந்த நான்கு. அந்தப் பெண்ணை இந்த வேலையிலிருந்து எடுத்தே தீர வேண்டும் என்று சின்ன முதலாளிக்குக் காட்டமாக ஒரு கடிதம் போட முடிவு செய்தேன். இட்லி சாப்பிட்ட பிறகு வசந்தாமணியைக் கூப்பிட்டு, என்னென்ன வர வேண்டும் என்று சொல்லி, தாளையும் பேனாவையும் நீட்டினேன். திருட்டு என்ற சொல் இரண்டு இடத்தில் வர வேண்டும் என்றும் சொன்னேன்.

"எழுத முடியாதுங்க" என்றாள்.

"ஏன், கை வலிக்குதா?"

"கையெல்லாம் நல்லாத்தான் இருக்குது. இத்தன வருசமா நீங்க குடுத்ததெல்லாம் எழுதுனேன். இத எப்படீங்க நானே எழுதறது? நாலாம் நம்பர் நாந்தான்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"அந்த ஏஜென்சிக்கு ஏப்ரல் மாசத்துலருந்தே எழுதிட்டுத்தான் இருந்தேன். வேற கம்பெனிக. எனக்கு மொதக் கட்டு வந்தன்னைக்குத்தான் நம்ம கம்பெனி பேரப் பாத்தேன். அன்னைக்கே சொல்லலாம்னு வந்தேன். நீங்க ரெண்டாம் நம்பரத் திட்டிட்டு இருந்தீங்க."

"டைப் வேலைன்னு சொன்னே?"

"டைப்பு அடிக்கறதுதானுங்க வேலை. என்ன அடிக்கறேன்னு ஒருக்காலாச்சும் கேட்டீங்களா?"

என் வீடு, நான் கட்டும் கரண்ட், என் கம்பெனி. இங்கேயே உட்கார்ந்துகொண்டு என் நாற்காலியை அறுத்திருக்கிறாள். நான் சொன்னவற்றில் சிலதை இங்கே எழுதப் போவதில்லை. கடைசியாக, "எம் பேர எடுத்துட்டுப் போயி வித்துட்டியே" என்றேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "உங்க பேர எங்கீங்க எடுத்தேன்? உங்க பேரு உங்ககிட்டத்தான் இருக்குது. எனக்கு அங்க பேரே இல்லீங்க, நம்பருதான். ஆனா அந்த நம்பராவது என்னுது" என்றாள். எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

21 ஜூலை, திங்கள்

பேச்சு இல்லை. புளிசாதம்.

26 ஜூலை, சனி

ஆபீஸில் யாரும் இல்லாத நேரம் பீரோவைத் திறந்தேன். இருபத்திரண்டு வருடக் கடிதங்களின் நகல் அதில் இருக்கிறது. என்னுடைய நடை எது, அவள் சேர்த்தது எது என்று பிரித்துவிடலாம் என்று நினைத்தேன்.

2003 இல் அவள் அப்பா இறந்தபோது பன்னிரண்டு நாள் அவிநாசியில் இருந்தாள். அந்தப் பன்னிரண்டு நாள் கட்டைத் தேடி எடுத்தேன். 'தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்றோம். ஆவன செய்யப்படும்.' அடுத்ததும் அதுவே. ஒன்பது கடிதமும் அதுவே. கையில் சிவப்புப் பேனா இருந்தது. பழக்க தோஷத்தில் முதல் கடிதத்தைச் சுழித்துவிட்டேன். பிறகுதான் கீழே இருந்த கையெழுத்தைக் கவனித்தேன்.

அந்த நாட்களில் எனக்குக் காய்ச்சல் இருந்திருக்க வேண்டும்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. வசந்தாமணி தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டு மதியம் திரும்பினாள். இப்போது கொஞ்சம் பேசுகிறாள். அப்படி என்ன பெரிய சுகம் அந்த வேலையில் என்று நானாகக் கேட்டேன். சண்டைக்குக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டேன்.

"எழுதி அனுப்புனா அங்க ரெஜினான்னு ஒரு புள்ள படிக்குதுங்க. படிச்சுட்டு, 'அக்கா, இந்த லெட்டர் ரொம்ப நல்லாருக்கு'ன்னு உடனே மெசேஜ் போடுது. சரியில்லீன்னா சரியில்லீன்னும் சொல்லுது."

"ஏன், நாஞ் சொன்னதில்லையா?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "நீங்க கையெழுத்துப் போட்டீங்க" என்றாள்.

பெரிய முதலாளி பாராட்டும்போதெல்லாம் அதை வீட்டில் வந்து சொல்லியிருக்கிறேன். "பெரியவர் என்னை இன்னைக்குப் புகழ்ந்து தள்ளிட்டாரு" என்று ஒவ்வொரு முறையும் தவறாமல் சொல்லியிருக்கிறேன்.

14 ஆகஸ்ட், வியாழன்

கடைசி அறிக்கை கொடுத்தேன். நூற்றுக்கு ஏழு. நேர்மையாகத்தான் எண்ணினேன். நாளை சுதந்திர தினம், திங்கள்கிழமையிலிருந்து எனக்குக் கிடங்கு.

ஆனால் ஒன்று செய்தேன். 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. வழக்கமாக அதைக் காலியாக விடுவார்கள். அதில் எழுதினேன்: 'எண் 4 என்பவர் என் மனைவி திருமதி வசந்தாமணி. 1992 முதல் என் கையெழுத்துடன் சென்ற கடிதங்களையும் எழுதியவர் அவரே.'

இப்படி எழுத எத்தனை பேருக்கு மனசு வரும்? தோற்றவன், ஜெயித்தவர் பெயரைத் தானே எழுதிக் கொடுக்கிறான். வெளியே வந்ததும் உடம்பு இலேசாக இருந்தது. பஸ் ஏறாமல் நடந்தே வந்து, வழியில் நெல்லிக்காய் வாங்கினேன். வீட்டில் சொல்லவில்லை. கம்பெனியிலிருந்து கூப்பிட்டு மரியாதை செய்யும்போது அவளாகத் தெரிந்துகொள்ளட்டும்.

18 ஆகஸ்ட், திங்கள்

ஹரிபிரசாத் கூப்பிட்டார். சந்தன மாலை வாங்கி வைத்திருப்பார் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும்.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்போ நாம தொண்ணூத்திரண்டுலருந்தே அவுட்சோர்சிங்தான் பண்ணிட்டிருந்திருக்கோம். அதுவும் சும்மாவே. எங்கப்பாவுக்குக்கூடத் தெரியாம. உங்களுக்குப் போய் சார் நான் படம் போட்டுக் காட்டினேன்" என்றார்.

சும்மாவே. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழந்தைக்கு அம்மை போட்டிருந்தபோது எழுதினாள். ஒரு கையில் கரண்டியோடு நின்றுகொண்டு எழுதினாள். அவள் அப்பா போன பதின்மூன்றாம் நாள் வந்து, சேர்ந்து கிடந்த கட்டை எடுத்து எழுதினாள். அதைச் சும்மா என்று இவர் சொல்கிறார். சொல்ல இவர் யார்? நான் அப்படிச் சொன்னதில்லை. இவ்வளவையும் அங்கே சொல்லவில்லை. "அது அப்படி இல்லீங்க" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குள் அவர் ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தைத் திருப்பினார். ஊழியர்களின் உறவினர் எவரையும் கம்பெனியின் வேலைக்கு ஏஜென்சி பயன்படுத்தக் கூடாது. "ரூல்னா ரூல்தான் சார். நீங்களே எழுத்துல குடுத்துட்டீங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். ஒரு மணி நேரத்தில் சென்னைக்குத் தகவல் போய்விட்டது.

கிடங்கில் மின்விசிறி இல்லை. இன்று பதினேழு லாரி.

19 ஆகஸ்ட், செவ்வாய்

என் வீட்டில் இப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை. தட்டை எறியவில்லை, அழவில்லை. எனக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கேட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"உம் பேரு நாலு பேருக்குத் தெரியட்டும்னுதான் எழுதுனேன். உனக்கு நல்லது செய்யலாம்னு."

"இருவத்திரண்டு வருசமாத் தெரியாத பேரு, நான் எனக்குன்னு ஒரு வேலை தேடிக்கிட்டதுக்கப்புறம் தெரியோணுமாக்கும். எழுதறதுக்கும் எங்கிட்டக் கேக்கல. எழுதுனதச் சொல்றதுக்கும் எங்கிட்டக் கேக்கல. எல்லாம் உங்க இஷ்டந்தான். நடுவுல நான் எதுக்குங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அடுத்ததைக் கேட்டாள்.

"பதினாலு பக்கமும் வரி விடாமப் படிச்சேன்னு ஜூன் மாசத்துல நீங்கதானுங்களே சொன்னீங்க? பதினோராம் பக்கத்தையும் படிச்சிருப்பீங்கதானே?"

படித்தேன். மறுக்கவில்லை. ஆனால் ஜூனில் படித்த ஒரு பக்கம் ஆகஸ்டில் யாருக்கு ஞாபகம் இருக்கும்? குறிப்பை எழுதும்போது அந்த விதி என் நினைவிலேயே இல்லை. நல்ல மனதோடுதான் எழுதினேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை, இங்கே பொய் எழுத எனக்கு ஒரு அவசியமும் இல்லை. அந்த விதி என் நினைவில் இல்லை.

26 ஆகஸ்ட், செவ்வாய்

அந்த ரெஜினா அவளை விடவில்லை. சொட்டு நீர்ப் பாசனக் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றின் கடிதங்களைக் கொடுத்திருக்கிறாள். மற்றவர்கள் எழுதுவதைத் திருத்துவதும் இனி வசந்தாமணிதானாம். இதெல்லாம் என்னிடம் சொல்லப்பட்டதல்ல. போனில் பேசியதைக் கேட்டேன். இப்போது எண் 1.

நெல்லிக்காயை ஊறுகாய் போட்டிருக்கிறாள். காரம் அதிகம்.

5 செப்டம்பர், வெள்ளி

வெள்ளகோவிலில் ஓர் அம்மாள். பெயர் ருக்குமணி. மோட்டார் விவகாரமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கணவர் ஆனியில் தவறிவிட்டார், மூன்று சுவிட்சில் எதை முதலில் போடுவது என்றுகூட எனக்குத் தெரியாது, பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். எண் 2 அதற்குப் பதில் போட்டிருக்கிறது: 'தங்கள் கணவருக்கும் எங்கள் வாழ்த்துகளைத் தெரிவிக்கவும்.'

அந்த அம்மாளின் தம்பி கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். கேட்டில் நான்தான் இருந்தேன். "இதப் படிச்சுட்டு எங்கக்கா ரெண்டு நாளாச் சாப்பிடலீங்க" என்றார். மனுஷன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நேரே ஹரிபிரசாத் அறைக்குப் போய், கதவைத் தட்டாமல் திறந்து, கடிதத்தை மேஜை மேல் வைத்தேன். "இந்தப் படத்தையும் சுவத்துல போடுங்க" என்றேன். அவர் படித்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஒருநாளும் நான் அப்படிப் பேசியதில்லை. அறையை விட்டு வந்தபோதுதான் நினைத்துக்கொண்டேன்: நான்கு இருந்திருந்தால் அந்தக் கடிதம் நான்கிடம் போயிருக்கும். நான்கு ஏன் இல்லை என்பதற்குள் நான் போகவில்லை.

15 செப்டம்பர், திங்கள்

வெற்றி. ஒப்பந்தம் ரத்து. என் மேஜை, என் நாற்காலி, இரண்டு பீரோ. டைப்பிஸ்ட் ஷீலா சாக்லேட் கொடுத்தாள்.

"லெட்டர்ஸ் மட்டும் உள்ளேயே இருக்கட்டும் சார். பழைய மாதிரியே" என்றார் ஹரிபிரசாத். 'பழைய மாதிரியே' என்பதை அழுத்திச் சொன்னார். "வீட்ல அம்மாவையும் கேட்டதாச் சொல்லுங்க" என்று கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சிமிட்டலுக்கு ஓர் அறை கொடுத்திருக்கலாம். கொடுக்காமல், பதினொரு கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வசந்தாமணி கம்ப்யூட்டரில் இருந்தாள். கட்டை அவள் பக்கத்தில் வைத்தேன். ருக்குமணி அம்மாளுடையது மேலே இருந்தது. மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டிய கடிதம்.

"இது ஆபீஸ் வேலைங்களே" என்றாள், திரையைப் பார்த்தபடியே.

"ஆமா."

"ஆபீஸ்ல யாருகிட்டக் குடுத்தாங்களோ அவிங்கதானுங்க எழுதோணும்."

"இந்த ஒண்ண மட்டுமாவது. அந்தம்மா பாவம்."

அவள் அந்தக் கடிதத்தை எடுத்து முழுக்கப் படித்தாள். கண் கலங்கியது, நான் பார்த்தேன். ஒருநொடி கை பேனாவைத் தேடுவதுபோல்கூட இருந்தது. பிறகு கடிதத்தை மடித்து மறுபடி கட்டின் மேல் வைத்தாள்.

"ஊழியரோட சொந்தக்காரங்க எழுதக் கூடாதுங்க. ரூலு. நீங்களே எழுதுங்க. அந்தம்மாவுக்கு எந்தச் சுவிச்ச மொதல்ல போடறதுன்னு தெரியலீன்னு எழுதியிருக்கறாங்க. நீங்க என்னைக்காவது ஒரு மோட்டார்ச் சுவிச்சு போட்டிருக்கறீங்களா?"

இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட இல்லை.

17 செப்டம்பர், புதன்

நேற்றும் இன்றும் மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்து எட்டு மணிக்கு எழுந்தேன். பக்கத்து அறையில் அவள் தட்டும் சத்தம் நிற்காமல் கேட்கிறது. நடுவில் ஒருமுறை போனில் யாருக்கோ, "இப்படி எழுதாதீங்க கண்ணு, மொதல்ல அவிங்க காட்டுல மழை பேஞ்சுதான்னு கேளுங்க" என்று சொல்லிக்கொடுத்தாள்.

பதினொரு தாளிலும் மேலே 'அன்புடையீர்' என்று எழுதிவிட்டேன். கீழே கையெழுத்தும் போட்டுவிட்டேன். நடுவில் இன்னும் ஒன்றும் இல்லை.